ஜெபத்தில் வெளியான ரகசியம்

ஜெபத்தால் வீடு பிழைத்தது, வியாதி போனது என்று சாட்சி சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்டு அல்லேலூயா சொல்லியும் இருக்கிறேன். என் சாட்சி கொஞ்சம் கோணலாகத் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜெபம்தான் என் மகளின் கல்யாணத்தை நிறுத்தியது. என் வீட்டு ஹாலில், நான் விரித்த பாயில் முழங்கால் போட்டு, என் உயிர்த் தோழி செய்த ஜெபம் அது.

என் பெயர் லில்லி. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ஷைனி. வேலூரில் ஒரு லேபில் டெக்னீஷியன் வேலை. அவள் இதைப் படித்துப் பார்த்து, "அனுப்புமா, ஒண்ணும் ஆவாது" என்று சொன்ன பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஏன் அவளிடம் கேட்டேன் என்பது போகப் போக உங்களுக்கே புரியும்.

தோழியின் பெயரை எழுதமாட்டேன். ரூபி என்று வைத்துக்கொள்வோம். எங்கள் சபையில் யாரென்று எல்லாருக்கும் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ரூபியும் நானும் ஒரே லைன். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். அந்தத் தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, தட்டி அவள் என் பக்கம் தள்ளுவாள். நான் மெஷினில் போட்டுத் தைப்பேன். அவள் கை, என் கை, அவள் கை, என் கை என்று பொழுது போகும். காலையில் கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைப்பாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் அவள்தான் ஜெபிப்பாள். கூடப் பிறந்தவர்கள்கூட அவ்வளவு ஒட்டாக இருக்கமாட்டார்கள்.

எனக்கு வாய் ஜாஸ்தி. சூப்பர்வைசரோடு சண்டை போட வேண்டுமென்றால் முழு லைனும் என்னைத்தான் முன்னால் தள்ளும். ஆனால் நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ரூபி எனக்கு நேர் எதிர். சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஜெபத்தில் இறங்கினால் வார்த்தை கொட்டும், வசனம் வரும், கண்ணீர் வரும். எனக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் அவளிடம்தான் ஓடுவேன். "நீ ஜெபி ரூபி, நீ ஜெபிச்சாதான் கேக்கும்" என்பேன். நானாக ஆண்டவரிடம் நேரே போய் நின்றது கம்மி.

ஷைனிக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது. முதலில் பள்ளிக்கூடத்தில், காலை பிரேயர் வரிசையில் நின்றபடியே விழுந்தாள். வெயில் மயக்கம் என்று அங்கே நினைத்துக்கொண்டார்கள். வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். காலேஜில் படிக்கும்போதே டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை, ஸ்தோத்திரம்.

இந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு வெளியே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று பக்கத்து வீட்டு பர்வீன். பிள்ளை விழும்போதெல்லாம் சுவர் தாண்டி ஓடிவந்து தலையை மடியில் தாங்கியவள் அவள். இன்னொருத்தி ரூபி. அவளுக்கு ஜெபக் குறிப்பாகச் சொல்லியிருந்தேன். நம்மில் பலர் அப்படித்தானே? ஊருக்குத் தெரியக் கூடாத ஒன்றை ஜெபக் குறிப்பு என்று சொல்லிவிட்டால் அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

போன வருஷத் தொடக்கத்தில் வாலாஜாபேட்டையிலிருந்து ஷைனிக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பிரவீன். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. அம்மா சரோஜா, தையல் கடை வைத்து ஒற்றை ஆளாக நின்று அவனை வளர்த்தவர். அதிகம் பேசமாட்டார். பார்த்தாலே கொஞ்சம் பயமாக இருக்கும்.

ஷைனி என் மாதிரி இல்லை, நேர்வழிக்காரி. பிரவீனோடு முதன்முதலில் போனில் பேசிய அன்றே தன் வியாதியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "அவரு இன்னா சொன்னாரு?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "அதான் சரியாப் போச்சே, அப்புறம் இன்னான்னு கேட்டாரும்மா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே இவன்தான் மருமகன் என்று மனதில் முடிவு செய்துவிட்டேன்.

பிரவீன் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "ஆன்ட்டி, எங்கம்மாகிட்ட நானே சொல்றேன். அவங்க எல்லாத்துக்கும் பயப்படுவாங்க. பக்குவமா நேரம் பாத்துச் சொல்லணும். நீங்க அவசரப்படாதீங்க."

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "நாமளே போயி உக்காந்து சொல்லிட்டு வந்துடலாம்டி, அதான் மரியாதை" என்றார். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டிருக்கிறானே என்று பொறுத்துக்கொண்டோம். நிச்சயம் முடிந்தது. ஈஸ்டர் கழிந்ததும் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனையின் நடுவில் ஆயர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார். தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்பார். யாரும் சொல்லமாட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பெண்ணின் அம்மாவைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முதல் ஓலை அன்று அப்படி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. ரூபி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை அமுக்கினாள். இரண்டாவது ஓலைக்குள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று பிரவீனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

அன்று மத்தியானம் ஆம்பூரில் கல்யாணச் சேலை எடுத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பிரியாணியும் கத்தரிக்காயும் என் வீட்டுக்காரரே நின்று செய்தார். ரூபி காலையிலிருந்து என்னோடு வெங்காயம் உரித்து, பரிமாறி, ஓடியாடி வேலை பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் சரோஜா அம்மா, "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஜெபம் பண்ணிடலாமே" என்றார்.

"எங்க ரூபி பண்ணுவா, கேளுங்க" என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு!

எல்லாரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடினோம். ரூபி நன்றி சொன்னாள். சேலைக்கு, சாப்பாட்டுக்கு, நல்ல சம்பந்திக்கு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குரல் ஏறியது. அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்:

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசுல இருந்த வலிப்பு வியாதிய நீர்தானே சுகமாக்கினீர்! அந்த வியாதி அந்த வீட்டுக்குப் போயி மறுபடி தலை தூக்காதபடிக்கு உம்முடைய இரத்தக் கோட்டைக்குள்ள வெச்சுக் காத்துக்கொள்ளும், ராஜா!"

நடுவில் நிறுத்தச் சொல்ல முடியுமா? ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் நிறுத்து என்று சொன்னதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? வேறு எந்தப் பேச்சாக இருந்தாலும் வாயை மூடுடி என்று கத்தியிருப்பேன். அவள் ஆண்டவரிடம் அல்லவா பேசிக்கொண்டிருக்கிறாள்! பள்ளிக்கூடத்தில் விழுந்தது, மாத்திரை சாப்பிட்டது, ஒன்றையும் விடவில்லை. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில் பின்னால் இருந்து ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்தேன். எதிரில் சரோஜா அம்மாவும் கண்ணைத் திறந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொன்னதும் அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "வர்றோம்" என்றார். பிரவீன் ஷைனியை ஒரு தரம் பார்த்துவிட்டு அம்மா பின்னால் ஓடினான். எடுத்த சேலை பையோடு எங்கள் நாற்காலியில் கிடந்தது. ரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆவியானவரோட நல்ல அபிஷேகம் இருந்துச்சுல்லக்கா?" என்றாள். சத்தியமாக அப்படித்தான் கேட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் வழக்கம் போல எனக்கு சீட் பிடித்து வைத்திருந்தாள். நான் உட்காரவில்லை.

"இன்னாக்கா, மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"இன்னாத்துக்குடி அப்படிப் பண்ண? அந்தப் பையன் இன்னும் அவங்கம்மாகிட்ட சொல்லலன்னு உனக்குத் தெரியாதா? நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கக்கா. நானா பேசல. ஜெபத்துல அப்படியே வந்துச்சு. ஆவியானவர் பேச வெச்சாரு, நான் இன்னா பண்ண முடியும்?"

நான் சண்டைக்காரிதான். அவள் பேசியிருந்தால் அவளைத் திட்டலாம். ஆண்டவர் பேசினார் என்கிறாளே, அவரை நான் எப்படித் திட்டுவது?

சரோஜா அம்மா எங்களிடம் பேசவே இல்லை. தன் சபை ஆயர் மூலம் எங்கள் ஆயருக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். ஓலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்றாராம். அடுத்த ஞாயிறு ஆயர் அறிவிப்புகளை வாசித்தார். ஐக்கிய விருந்து, வேதாகமப் பள்ளி, பாடகர் பயிற்சி. ஷைனியின் பெயர் வரவில்லை. அன்றும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "இன்னா லில்லி, பொண்ணுக்கு வலிப்பாமே? நாங்க ஜெபத்துல வெச்சிருக்கோம்" என்கிறார். போதுமடா சாமி என்றாகிவிட்டது.

ஷைனி அதோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பிரவீன் போனை எடுக்கவில்லை. "அம்மா, அவங்க கேக்கற எதுக்கும் நான் பதில் சொல்வேன். என்னக் கேக்கவே மாட்டேங்கறாங்களே" என்று அழுதாள். இன்னொரு நாள், "எனக்கு அவர்தாம்மா. இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்றாள்.

கம்பெனியில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் ரூபி. லைன் மாற்றிக் கேட்டேன், சீசன் நேரம் முடியாது என்றுவிட்டார்கள். அவள் மடித்துத் தள்ளுவாள், நான் எடுத்துத் தைப்பேன். நாள் முழுக்க அவள் கையிலிருந்து வாங்க வேண்டும். முகத்தைப் பார்க்கமாட்டேன். மத்தியானம் அவளுடைய ஜெபக் குழு ஒரு பக்கம் கூடி ஜெபிக்கும், எனக்காகவும் சேர்த்து. அந்தக் குரல் காதில் விழுந்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பர்வீன் மட்டும் தினமும் சாயங்காலம் வருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். "அல்லா இருக்கான் லில்லி. மொதல்ல ஒரு வாய் துன்னு" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவாள். இவளுக்கும்தான் எல்லாம் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்காரருக்காவது சொல்லியிருப்பாளா என்று சந்தேகம். என்னோடு திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்கெடுத்தவள் என்னை இப்படித் தெருவில் நிறுத்திவிட்டாளே என்று நினைத்து நினைத்து மனம் வெந்தது. ஆண்டவர்மேலும் கோபம். உம்மிடம் சொல்லச் சொல்லித்தானே அவளிடம் கொடுத்தேன், நீரும் சேர்ந்துதான் என்னைக் காட்டிக்கொடுத்தீரா என்று கேட்டேன். பதில் இல்லை. வேதத்தைத் தொடுவதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு வீட்டில் இருந்தேன். வெயில் கொளுத்துகிறது. ஹாலில் படுத்திருந்தால் எதிர்ச் சுவரில் வேத வசனம் போட்ட ஒரு கண்ணாடிச் சட்டம். நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது ரூபி கொடுத்தது. உன் பாரத்தைக் கர்த்தர்மேல் போட்டுவிடு, அவர் உன்னைத் தாங்குவார் என்கிற அந்த வசனம். நம் எல்லார் வீட்டிலும் காலண்டரிலாவது இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பேச்சைக் கேட்டுத்தானே இந்தக் கதி என்று எழுந்து போய்ச் சட்டத்தைக் கழற்றினேன். பரணில் தூக்கிப் போடப் போனேன். வசனத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் சங்கீதம் 55 என்று இருந்தது.

இத்தனை வருஷம் தினமும் பார்த்த வசனம். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அன்று என்ன தோன்றியதோ, வேதத்தை எடுத்தேன். தரையில் உட்கார்ந்து அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து படித்தேன்.

சகோதர சகோதரிகளே, நீங்களும் ஒரு தரம் முழுசாகப் படித்துப் பாருங்கள். என்னைக் கேவலப்படுத்தியவன் பகைவனாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன், என்மேல் ஏறியவன் வெறுக்கிறவனாக இருந்தால் ஒளிந்துகொள்வேன், ஆனால் நீயல்லவா, என் தோழனல்லவா, நாம் சேர்ந்தல்லவா ஆலயத்துக்குப் போனோம் என்று தாவீது ராஜா அதில் கதறுகிறார். கம்பெனி பஸ்ஸில் நான் ரூபியிடம் சொல்ல முடியாமல் நின்ற வார்த்தை அப்படியே அங்கே இருந்தது. அந்தத் துரோகிகள் உயிரோடு குழியில் இறங்கட்டும் என்றுகூட ஒரு இடத்தில் கேட்கிறார். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், அவன் பேச்சு வெண்ணெய் மாதிரி, உள்ளே சண்டை என்கிறார். அதற்கு அடுத்த வசனம் என்ன தெரியுமா? என் சுவரில் தொங்கியதே, அதுதான்.

நல்ல காலத்தில், மனம் குளிர்ந்து பாடியது என்றல்லவா நினைத்திருந்தேன்! கூடவே திரிந்த ஒருவர் முதுகில் குத்திய வலியில், வயிறு எரிய எரியச் சொன்ன வசனமா இது! பாரத்தை நண்பன்மேல் போடாதே, அவன் கைவிட்டுவிட்டான், கர்த்தர்மேல் போடு என்று பட்டுத் தெரிந்துகொண்டவர் சொல்லியிருக்கிறார். என் பாரத்தை நான் இத்தனை வருஷம் ரூபிமேல் போட்டுவிட்டு, மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அங்கேயே அழுதேன். பிறகு வாய்விட்டு ஜெபித்தேன். அதுவரை நான் தனியாக, சத்தமாக ஜெபித்ததே இல்லை. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு ரூபிமேல கொலவெறியா இருக்கு. அத நீரே வெச்சிக்கும். எம்பொண்ணு வாழணும். அந்தம்மா எதுவா இருந்தாலும் எங்க மூஞ்சியப் பாத்து நேரா ஒரு வார்த்த சொல்லட்டும். வேணாம்னாலும் நேரா சொல்லட்டும். யார் மூலமாவும் எனக்கு வேணாம்." இவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. சட்டத்தைத் துடைத்துத் திரும்பவும் ஆணியில் மாட்டினேன்.

அந்த வாரம் முடிவதற்குள் சரோஜா அம்மா வந்தார். தனியாக. வாலாஜாவிலிருந்து வேலூர் வந்து, பஸ் மாறி, அந்தக் கத்தரி வெயிலில் எங்கள் தெருவில் வீடு கேட்டு நடந்து வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஷைனியைக் கூப்பிடச் சொன்னார்.

"நீ எம்பையன்கிட்ட எப்பம்மா சொன்ன?"

ஷைனி அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "மொத நாள் போன்ல பேசினப்பவேங்க, அத்தை."

"இதேதான் அவனும் சொல்றான்" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வலிப்பப் பத்தி நானே ஒரு டாக்டரப் பாத்துக் கேட்டுட்டேன். மாத்திர நிறுத்தி இத்தன வருஷம் நல்லா இருந்தா அப்படிப் பயப்பட ஒண்ணும் இல்லன்னுட்டாரு. எனக்கு அது பெருசு இல்லம்மா. எம்பையன் எங்கிட்ட சொல்லல பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. அவனும் நானும் ஒரே தட்டுல சாப்ட்டு வளந்தவங்க. எனக்குத் தெரியாம அவன் ஒரு சட்டகூட வாங்க மாட்டான். அவன் எங்கிட்ட மறச்சதை, யாரோ ஒருத்தங்க ஜெபத்துல, அத்தன பேரோட சேத்துக் கேட்டுத் தெரிஞ்சுக்கறேன். வீட்டுக்குப் போயி அவன்கூடப் பேசல. இன்னும் சரியாப் பேசல."

நான் அவர் எங்களை வெறுக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவரும் என்னை மாதிரியே, நம்பின ஆளால் அடிபட்டு வீட்டுக்குள் சுருண்டு கிடந்திருக்கிறார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"உங்களுக்குப் பயந்துதான் சொல்லலங்க. உங்கள விட்டுட்டு இல்ல" என்றேன். "நாங்களே வந்து சொல்லியிருக்கணும். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, அந்தப் பிள்ள பேச்சுக்காக நின்னுட்டோம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "அன்னைக்கு ஜெபம் பண்ணாங்களே, அவங்க யாரு?" என்று கேட்டார்.

"என் தோஸ்த்துங்க."

"இப்பவுமா?"

நான் குனிந்து காலி டம்ளரை எடுத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. சுவரில் இருந்த வசனத்தைப் பார்த்தார். "ஒரு ஜெபம் பண்ணுங்க. நான் கிளம்பறேன்" என்றார். நான் பழக்கத்தில் யாரைக் கூப்பிடலாம் என்று வாசல் பக்கம் பார்த்தேன். "நீங்க பண்ணுங்க" என்றார் அவர். "வேற யாரும் வேணாம்."

பண்ணினேன். திக்கித் திக்கித்தான். "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நொந்துபோயிருக்கோம். உமக்குத் தெரியும். இந்தப் பிள்ளைங்களச் சேத்து வையும். பிரவீனும் இந்தம்மாவும் பேசிக்கணும்." அதற்கு மேல் வரவில்லை. நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தேன். அன்றைக்குப் பார்த்த அதே கண்கள் இப்போது இறுக்கமாக மூடியிருந்தன. ஓரத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஷைனி அவர் மடியில் தலையை வைத்திருந்தாள். பர்வீன் தாங்கிப் பிடித்த தலை அது.

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. கல்யாணம் ஒரு மாதம் தள்ளி, ஜூனில் நல்லபடியாக நடந்தது. எங்கள் நாற்காலியில் கிடந்த அதே சேலையைத்தான் ஷைனி கட்டினாள். பிரவீனும் அவன் அம்மாவும் பேசிக்கொண்டார்கள், எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை. கர்த்தருக்கு மகிமை.

இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் சபையில் சாட்சி நேரத்தில் ரூபி எழுந்து நின்றாள். தன் ஜெபத்தில் அந்த விஷயம் வெளியே வந்ததால்தான் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாம் நேரானது, தேவன் தன்னை ஒரு கருவியாக எடுத்துப் பயன்படுத்தினார் என்று சாட்சி சொன்னாள். சபை முழுக்க அல்லேலூயா. என் வீட்டுக்காரர் என் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், நான் எழுந்துவிடுவேன் என்று பயம். எழவில்லை. அவள் ஒரு தரமாவது, "தப்புப் பண்ணிட்டேன்கா" என்று சொன்னால் போதும் என்று அதுவரை காத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் காத்திருப்பை விட்டேன். தேவன் கெட்டதையும் நன்மையாகத் திருப்பினார், அது அவர் செய்தது. அவளுக்கு அதில் பங்கு கொடுக்க என் மனம் இன்னும் ஒப்பவில்லை. மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் பஸ் ஏறும்போது மன்னிக்கிறேன், சாயங்காலம் இறங்கும்போது திரும்பக் கோபம் வந்துவிடுகிறது. ஆண்டவரிடம் இதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குள் மாறியது இதுதான். இப்போது நானே ஜெபிக்கிறேன். மெஷினில் உட்கார்ந்தபடி, வாய்க்குள், என் பேச்சிலேயே.

இரண்டு மாதத்துக்கு முன்னால், டீ நேரத்தில் ரூபி என் பக்கம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. என் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து, அவள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னாள். எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாதது. சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. நீங்க மட்டும் ஜெபம் பண்ணுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. என் மனதில் அந்த ஒரு நொடியில் என்னென்ன ஓடியது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீரோடு நானும் ஒரு ஜெபம் பண்ணினால் போதும். யாரும் என்னை நடுவில் நிறுத்தமாட்டார்கள்.

அவள் மடித்து வைத்திருந்த அப்பரை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தேன். "பண்றேன், போ" என்றேன்.

பிரியமானவர்களே, உங்கள் பாரம் எதுவாக இருந்தாலும் முதலில் நேரே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நன்றாக ஜெபிக்கத் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். என் உளறலையே கேட்டவர் உங்கள் உளறலையும் கேட்பார். மனிதர் கைவிட்ட இடத்தில் நின்றுகொண்டே அவரை நம்புங்கள், அந்தச் சங்கீதக்காரர் அங்கே நின்றுதான் நம்பினார்.

ரூபிக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். என்ன விஷயம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஷைனிக்குத் தெரியாது. நீங்களும் கேட்காதீர்கள்.